இரும்பைக் கேட்காத கணக்கு

இலங்கையில் 2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் நீர்நிலை மாசும் ஒன்று. ஆண்டு முடியுமுன்பே தடை போய்விட்டது. பசளை நின்றால் கொத்மலை நீர்த்தேக்கம் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் போகவில்லை.

அதில் நியாயம் உண்டு. 1991இல் அங்கே மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சை அல்கா படர்ந்தது. நுவரெலியாவின் உருளைக்கிழங்கு, கோவா, லீக்ஸ் பாத்திகளுக்கு இட்ட பொசுபேற்றில் ஒரு பங்கு நானுஓயாவோடு இறங்கிக் கொத்மலைக்குத்தான் வருகிறது. கனடாவின் 227ஆம் இலக்க ஏரியில் பல பத்தாண்டுகள் நடந்த சோதனையும் பொசுபரசின் பக்கமே பேசுகிறது. சரி.

ஆனால் இந்த நீலப்பச்சை அல்கா இரும்பை எங்கிருந்து எடுக்கிறது? ஒளித்தொகுப்பு நடத்தும் முதலாம் ஒளித்தொகுதி ஒன்றுக்கே 12 இரும்பு அணுக்கள் வேண்டும். மலையகச் செம்மண்ணில் இல்லாத இரும்பா என்பார்கள். இருக்கிறது, துருவாக! ஒட்சிசன் உள்ள நீரில் அது கரைவதே அரிது. அனபீனா போன்ற நீலப்பச்சை அல்காக்கள் இரும்பைக் கவ்வும் சிடெரோபோர்களை நீரில் விடுகின்றன. சினெக்கோசிஸ்டிஸ் என்ற இன்னொன்று பெரிக்கு இரும்பைப் பெரசாகத் தாழ்த்தி உள்ளிழுக்கிறது. இழுத்ததை உடனே செலவழிப்பதுமில்லை. கலத்தின் இரும்பில் ஏறக்குறைய பாதி பற்றீரியோபெரிற்றின் புரதத்துக்குள் சேமிப்பாகக் கிடக்கும் என்று 2004இல் வந்த ஆய்வு காட்டியது. வெளியே இரும்பு வற்றினாலும் அந்தக் கையிருப்பை வைத்துக் கலம் பெருகலாம். அப்படியானால் பச்சை படர்ந்த பிறகு பகலில் மேற்பரப்பில் மொண்ட ஒரு போத்தல் தண்ணீர் எதைச் சொல்லும்? கலம் எப்போதோ தின்று முடித்ததன் மிச்சத்தை.

கதை நடப்பது அடியில். அடிநீரில் ஒட்சிசன் தீர்ந்தால் சேற்றிலுள்ள துரு பெரசு இரும்பாகக் கரைகிறது. துருவோடு ஒட்டியிருந்த பொசுபேற்றும் கூடவே விடுபடுகிறது. வாயுக் குமிழறைகள் கொண்ட மைக்ரோசிஸ்டிஸ் இவற்றைத் தேடி மேலும் கீழும் போய்வரக்கூடியது. அணை 1985இல் இயங்கத் தொடங்கியது முதல் வண்டலோடு வந்து படிந்த பொசுபேற்று, இந்த ஆண்டு தோட்டத்தில் பசளை போடவில்லை என்பதற்காகக் கரையாமல் இருக்குமா? மரக்கறி விவசாயியைக் குற்றவாளியாக்குவது சுலபம். நாற்பது மீற்றர் ஆழத்துக்கு மாதிரிக் குடுவையை இறக்குவதுதான் சிரமம்.

சினெக்கோசிஸ்டிஸ் ஆய்வுகூடத்து உயிர், மைக்ரோசிஸ்டிஸ் வேறு இனம் என்று மறுக்கலாம். மறுப்பவர்கள் அடிநீரின் ஒட்சிசனையும் பெரசு இரும்பையும் வரட்சிக் காலத்தில் வாரந்தோறும் அளந்து, அந்த எண்களோடு வரட்டும்.