கொக்கி போடாத தொடக்கங்கள்

குறும்படப் பயிலரங்குகளில் இன்று வேதவாக்காகிவிட்ட விதி ஒன்று உண்டு: முதல் பத்து விநாடிக்குள் பார்வையாளரைப் பிடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அவர் விரல் அடுத்த படத்துக்குப் போய்விடும். இதற்கு ‘ஹூக்’ என்று பெயர். சினிமா படிக்கும் பிள்ளைகள் ஒன்லைன் சொல்லும்போதே ஹூக்கையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கிணற்றில் மிதக்கும் பிணம், ரத்தம் தோய்ந்த கை, இருட்டில் மூச்சிரைக்க ஓடும் பெண். உடனே திரை கறுத்து ‘ஆறு மணி நேரத்துக்கு முன்’ என்று எழுத்து. இன்றும் பேசப்படும் மாணவர் படங்களின் முதல் நிமிடங்களை வரிசையாகப் பார்த்தால், இந்த விதி எவ்வளவு மெலிந்தது என்பது புரியும்.

தொடக்க காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலகின் முதல் திரைப்படப் பள்ளி 1919இல் மாஸ்கோவில் தொடங்கியபோது கச்சா பிலிமுக்குப் பெரும் பஞ்சம். அங்கே ஆசிரியராக இருந்த குலெஷோவின் மாணவர்கள் காமிராவில் பிலிம் இல்லாமலேயே ஷாட்களை மேடையில் நடித்துக் காட்டிப் பழகினார்கள். காமிரா எங்கே நிற்கும், எப்போது வெட்டும் என்பதையெல்லாம் காகிதத்தில் தீர்த்துவிட வேண்டிய கட்டாயம். ஷாட் பிரித்தல் என்ற ஒழுக்கம் அந்தப் பஞ்சத்தில் வளர்ந்தது. அதே பள்ளியில் 1956இல் தார்க்கோவ்ஸ்கியும் இரு வகுப்புத் தோழர்களும் ஹெமிங்வேயின் ‘கொலைகாரர்கள்’ கதையைப் படமாக்கினார்கள். கொலைக்கு வந்த இருவர் உணவகத்தில் உட்கார்ந்து, என்ன சாப்பிடுவது என்று முடிவெடுக்க முடியாமல் பேசிக்கொண்டிருப்பதில்தான் அச்சம் ஊறுகிறது. துப்பாக்கியை முதல் ஷாட்டிலேயே காட்டியிருந்தால் அந்த அச்சத்துக்கு இடமே இருந்திருக்காது.

நான் அதிகம் நேசிப்பது போலந்தின் லோட்ஸ் பள்ளி. 1948இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் மாணவராக இருந்தபோது ரோமன் போலன்ஸ்கி 1958இல் எடுத்த ‘இரண்டு மனிதர்களும் ஓர் அலமாரியும்’ பதினைந்து நிமிடம்தான், வசனம் கிடையாது. கடலுக்குள்ளிருந்து இருவர் கண்ணாடி பதித்த பெரிய அலமாரி ஒன்றைச் சுமந்துகொண்டு கரையேறுகிறார்கள். ‘இதைவிடப் பெரிய ஹூக் உண்டா?’ என்று பயிலரங்கு ஆசான்கள் துள்ளக்கூடும். வித்தியாசம் இங்கேதான். ஹூக் என்பது வட்டிக்கு வாங்கிய கடன். கடைசியில் ஒரு ட்விஸ்ட் கொடுத்து அதை அடைத்தே தீர வேண்டும். போலன்ஸ்கி யாரிடமும் கடன் வாங்கவில்லை. அலமாரி எங்கிருந்து வந்தது என்பதைப் படம் முடியும்வரை சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இரண்டு ஆட்கள், ஒரு பாரம், அதில் ஒரு கண்ணாடி என்று எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே நம் கையில் கொடுத்துவிடுகிறார். இவர்களை ஊர் எப்படி நடத்தப்போகிறது என்பது மட்டுமே மீதி. டிராமில் இடமில்லை, உணவகத்தில் இடமில்லை. அவர்கள் மறுபடியும் கடலுக்கே போகிறார்கள்.

எட்டு ஆண்டு கழித்து அதே பள்ளியில் கீஸ்லோவ்ஸ்கி ‘அலுவலகம்’ எடுத்தார். ஓய்வூதிய அலுவலகத்தின் கவுண்டரையும் வரிசையில் நிற்கும் முதியவர்களையும் பார்க்கும் சில நிமிட ஆவணப்படம் அது. ஒலி ஓரிடத்தில் போகும், படம் வேறிடத்தில் நிற்கும். வசதிக் குறைவோ விருப்பமோ, அந்த விலகலே படத்தின் இலக்கணமாகிவிட்டது: குரல் அரசாங்கத்துக்கு, முகம் மனிதருக்கு. ஒரு தொடக்கம் செய்ய வேண்டிய வேலை இதுதான். இந்தப் படத்தை எந்தத் தூரத்திலிருந்து, எந்த வேகத்தில், எதைக் கேட்டபடி பார்க்க வேண்டும் என்ற சட்டத்தை அது எழுதித் தர வேண்டும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்கோர்செஸி இதை வேறு வழியில் கண்டுபிடித்தார். 1964இல் வந்த ‘நீ மட்டுமல்ல, மர்ரி!’ படத்தில் நடுவயதுப் பணக்காரன் ஒருவன் காமிராவைப் பார்த்துத் தன் டையின் விலையையும் ஷூவின் விலையையும் சொல்லத் தொடங்குகிறான். அடுத்த பதினைந்து நிமிடத்தில் நண்பன் அவனை எப்படியெல்லாம் ஏய்க்கிறான் என்பது நமக்குத் தெரிகிறது. அவனுக்கு மட்டும் தெரிவதில்லை. 1967இல் எடுத்த ‘தி பிக் ஷேவ்’ இன்னும் துணிச்சலானது. காலையில் எழுந்து கண்ணாடி முன் நிற்கும் ஆள் என்பது உலகெங்கும் மாணவர் படங்களின் தீராத வியாதி. நம்மூரில் அதற்கு முன் ஓர் அலாரமும் அடிக்கும். ஸ்கோர்செஸி அதே குளியலறையைத்தான் எடுத்துக்கொள்கிறார். முதலில் ஆளே இல்லை. வெள்ளை ஓடு, குழாய், தொட்டி என்று ஒவ்வொன்றாக அறையின் சுத்தத்தைக் காட்டுகிறார். அந்த வெண்மை கண்ணில் பதிந்த பிறகே ஒருவன் வந்து சவரம் செய்கிறான், ரத்தம் வழிய வழிய நிறுத்தாமல் செய்கிறான். சூழல் தேய்ந்தது என்பதால் தொடக்கம் தேய்வதில்லை, யோசிக்காமல் எடுப்பதால் தேய்கிறது.

இந்த வரிசையில் உரிய மரியாதை கிடைக்காதவர் ஜேன் கேம்பியன். அவரது ‘பியானோ’ படத்தைக் கொண்டாடுகிறவர்கள், அவர் ஆஸ்திரேலியத் திரைப்படப் பள்ளியில் 1982இல் எடுத்த ஒன்பது நிமிட ‘பீல்’ படத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நெடுஞ்சாலையில் ஒரு கார். உள்ளே தந்தை, மகன், தந்தையின் சகோதரி. பையன் ஆரஞ்சுத் தோலை வெளியே வீசுகிறான். பொறுக்கி வா என்கிறார் தந்தை. கதை அவ்வளவுதான். யார் யாருக்கு என்ன உறவு என்பதைக் கேம்பியன் தொடக்கத்திலேயே எழுத்தால் ஒரு வரைபடம்போலத் திரையில் போட்டுவிடுகிறார். மர்மம் எதுவும் மிச்சமில்லை. ஒரே அச்சில் வார்த்த மூன்று பிடிவாதங்கள் மோதுவதைப் பார்ப்பதற்கு நம் கவனம் முழுவதும் விடுதலையாகிறது. 1986இல் கான் திரைப்பட விழாவின் குறும்படத் தங்கப் பனை இதற்குக் கிடைத்தது.

இந்தியாவில் 1960இல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தொடங்கிய புனே திரைப்பட நிறுவனமும் இந்த ஒழுக்கத்தை வெகுகாலம் காத்தது. அளந்து கொடுத்த பிலிமில் டிப்ளமோ படம் எடுத்தவர்களுக்குத் தொடக்கத்தை எடிட்டிங் மேசையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற சொகுசு இல்லை. பிலிம் போய் டிஜிட்டல் வந்தபின்னும் அந்தப் பொறுமை அங்கே முற்றிலும் சாகவில்லை. பாயல் கபாடியாவின் ‘ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ்’ 2017இல் கானின் மாணவர் பிரிவுக்குப் போனது. ஒரு வயதான விதவை, வீட்டு வேலை செய்யும் பெண், ஒரு பிற்பகல், அவ்வளவே அதன் உலகம். 2024இல் அதே பிரிவில் முதல் பரிசு பெற்ற சிதானந்த நாயக்கின் பதினாறு நிமிடப் படத்தில் ஒரு கிழவி ஊர்ச் சேவலைத் திருடிவிடுகிறாள். அதனால் ஊருக்கு விடியாமல் போகிறது. பத்து விநாடிக் கணக்கு இந்தப் படங்களுக்குப் பொருந்தாது.

நம் பக்கம் வருவோம். ‘நாளைய இயக்குநர்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி தமிழ்க் குறும்படத்தை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றோரைப் பெரிய திரைக்குத் தந்தது. அந்தக் கொடையை மறுக்க முடியாது. ஆனால் நடுவர்கள், கைதட்டல், சில நிமிட அவகாசம் என்ற அந்த அமைப்பு, ட்விஸ்டையே குறும்படத்தின் லட்சணமாக்கியது. பின்னாலேயே யூடியூப் எண்ணிக்கை வந்தது. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படம் பரவி, 2012இல் முழுநீளப் படமானது. அதன் நாயகனும் காமிராவைப் பார்த்தே பேசுகிறான், கலகலப்பாகத்தான் பேசுகிறான். மர்ரி பேசும்போது அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. இவன் பேசும்போது நமக்குத் தெரிய வேண்டியதை இவனே சொல்லிவிடுகிறான். பின்னால் வந்த நகல்களிடம் கலகலப்பும் இல்லை. விளக்கவுரை மட்டும் மிஞ்சியது. இன்று அதன் இடத்தை ட்ரோன் ஷாட்டும் மிதக்கும் பிணமும் பிடித்துள்ளன.

பிலிம் அளவு என்ற கடிவாளம் போனதும் தொடக்கத்தைத் திட்டமிடும் பழக்கமும் சேர்ந்து போனது. காலியான அந்த இடத்தில் விளம்பர உலகத்தின் அவசரம் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் படப்பிடிப்புக்குக் காசு சேர்த்த ஒரு மாணவி தன் ஸ்டோரிபோர்டின் முதல் பக்கத்தில் தீர்மானிக்க வேண்டியவை சில உண்டு. காமிரா இந்த மனிதர்களுக்கு எவ்வளவு அருகில் போகலாம்? ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்கும்? படம் வருமுன் எந்த ஒலி வரும், அந்த ஒலியை லொக்கேஷனிலேயே தனியாகப் பதிவு செய்தாயிற்றா? பார்வையாளருக்கு எதை உடனே சொல்லிவிடலாம்? முடிந்தால் தொடக்கக் காட்சியைக் கடைசி நாளில் எடுப்பது நல்லது. அதற்குள் நடிகர்களின் நடையும் இடத்தின் வெளிச்சமும் பிடிபட்டிருக்கும். ஹூக்கை யோசிக்கிறவர் இவற்றில் ஒன்றையும் யோசிக்க வேண்டியதில்லை. அந்த விதி இவ்வளவு பிரபலமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

போட்டி நடத்தும் கல்லூரிகளும் நடுவர்களும் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். படத்தோடு முதல் இரண்டு நிமிடத்தின் ஷாட் பட்டியலையும் ஒலிக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். அதற்கும் மதிப்பெண் போடுங்கள். பத்து விநாடிகூடப் பொறுமை இல்லாத பார்வையாளரை நினைத்து நடுங்குவதை அடுத்த தலைமுறை அப்போதுதான் நிறுத்தும். அப்படிப்பட்ட பார்வையாளர் பதினொன்றாவது விநாடியில் எப்படியும் போகத்தான் போகிறார். இருந்து பார்க்கிறவருக்காகப் படம் எடுப்போம்.