சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்து, தானாகவே எழுந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி 'வெல்கம்' சொல்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் அடுத்த காட்சியும் தெரிந்திருக்கும். சர்வீஸ்காரர் வருவார். இரண்டு தடவை ஆன் செய்து பார்ப்பார். "வைரஸ் சார், ஃபார்மேட் போட்டுடலாம்" என்பார்.

இந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு இருபது வருஷக் கோபம்.

2005-ல் நடந்தது. ரிடையர் ஆன அப்பா, லால்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரைப் பற்றி ஒற்றை விரலால் தட்டித் தட்டி 62 பக்கம் டைப் செய்து வைத்திருந்தார். வாய்க்கால் தகராறு, திண்ணைப் பள்ளிக்கூடம், தாத்தா கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட கடன், எல்லாம் அதில் இருந்தன. அப்போதுதான் சிஸ்டம் ஒரு நாளைக்கு நாலு தடவை ரீபூட் ஆக ஆரம்பித்தது. தெருமுனைக் கடையிலிருந்து ஒருவர் வந்து ஃபார்மேட் செய்துவிட்டுப் போனார். 'பேக்கப் இருக்கா?' என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. 62 பக்கமும் போயிற்று.

நாலாவது நாள் சிஸ்டம் மறுபடி ரீபூட் ஆனது. இந்தத் தடவை வந்தவர் வேறு ஆள். மூடியைக் கழற்றி, இரண்டு மாதம் முன்பு நான் ஆசையாகக் கூடுதலாகச் செருகிய ராமைப் பிடுங்கினார். அவ்வளவுதான், அதன் பிறகு ரீபூட்டே இல்லை.

அப்பா கத்தவில்லை. முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவர். "டேலி ஆகலைன்னா லெட்ஜரையே கொளுத்திடுவீங்களாடா?" என்று மட்டும் கேட்டார்.

நான் பி.காம். என்பதால் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. டிரையல் பேலன்ஸ் இடிக்கிறது என்றால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடலாம். ஆனால் அது விடை கிடையாது, விடையைத் தள்ளிப்போடுவது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கலாம். சரிபாதித் தொகை எங்காவது இருந்தால் பற்று வரவாகியிருக்கலாம். இப்படித் தேடத்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஃபார்மேட் என்பது கம்ப்யூட்டர் தொழிலின் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். சாஃப்ட்வேர் கெட்டிருந்தால் பலிக்கும். ராமோ, பவர் சப்ளையோ, சூடோ காரணமென்றால் நாலு நாள்தான் தாங்கும்.

கெட்ட ராம் ஏன் ஆளுக்கொரு நாடகம் ஆடுகிறது? டவுன் பஸ்ஸில் ஒரே ஒரு சீட் உடைந்திருக்கிறது என்று வையுங்கள். இன்றைக்கு அதில் உட்கார்ந்து விழுவது வேர்டு, நாளைக்கு பிரவுசர், மறுநாள் விண்டோஸே. விழுந்தவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம், சீட்டை யாரும் பார்க்க மாட்டோம்.

நீலத்திரையை எல்லோரும் திட்டுகிறார்கள். 1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸ் மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே, விண்டோஸ் 98-ல் ஸ்கேனரைச் செருகியதும் அது வந்து மானத்தை வாங்கியது. 2024 ஜூலையில் க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்தன. ஆனால் என்னைக் கேட்டால் அந்தத் திரை ஒரு நேர்மையான ஆடிட்டர். உள்ளே கணக்கு உதைக்கிறது, இதற்கு மேல் எழுதினால் டிஸ்க்கில் இருப்பதும் கெடும் என்று தெரிந்ததும் பேனாவை மூடிவிடுகிறது.

என் விமரிசனம் அந்த ஆடிட்டரின் வாயைப் பொத்துகிறவர்கள் மேல்தான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துத் திரையைப் பொறுமையாகப் படித்தவர்களுக்குத் தெரியும்: புதிதாக ஏதாவது ஹார்டுவேர் மாட்டியிருந்தால் அதைச் சரிபார் என்று அதிலேயே புத்தி சொல்லியிருக்கும். படிக்க விட்டால்தானே? பிரச்னை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகு என்பதுதான் எக்ஸ்பியில் ஆரம்பத்திலேயே வைத்த செட்டிங். கண் சிமிட்டுவதற்குள் திரை காணாமல் போகும். 2012-ல் விண்டோஸ் 8-ல் சோக முகம் ஒன்று வந்தது, பிழையின் பெயர் கீழே பொடி எழுத்துக்குப் போனது. 2016-ல் க்யூ.ஆர். கோடு சேர்ந்தது. 2025-ல் விண்டோஸ் 11-ல் நீலமே போய்க் கறுப்பாயிற்று. முகமும் கோடும் போய், பிழையின் பெயரும் சம்பந்தப்பட்ட டிரைவரின் பெயரும் தெளிவாக வருகின்றன. நல்ல மாற்றம்தான். ஆனால் காரணத்தைச் சொல்லும் திரை வாசகர் படிக்கும்வரை நிற்க வேண்டாமா?

திரை சொல்வதே வேதவாக்கு என்றும் நான் சொல்லவில்லை. இன்டெலின் 13, 14-ம் தலைமுறை ப்ராசஸர் வாங்கிய பலருக்கு, விளையாடும்போது 'கிராஃபிக்ஸ் மெமரி போதவில்லை' என்று செய்தி வந்தது. பாவம், அந்த கார்டு நிரபராதி. ப்ராசஸருக்குள் வோல்டேஜ் எகிறுவதுதான் காரணம் என்று இன்டெலே 2024-ல் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. அடிபட்டவர் புகார் கொடுப்பார். அடித்தவர் யாரென்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஆகவே, உங்கள் வீட்டில் இது நடந்தால்:

முதலில் முக்கியமான ஃபைல்களைக் காப்பாற்றுங்கள். முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மாட்டி காப்பி எடுப்பது உத்தமம். கெட்ட ராம் வழியாகக் காப்பி எடுத்தால் காப்பியே கெடலாம்.

அடுத்து, 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடி, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்பதற்குள் போய், 'ஆட்டோமேட்டிக்லி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். இனி திரை நிற்கும். செல்போனில் படம் எடுங்கள், தேதியோடு. ஒவ்வொரு தடவையும் ஒரே பிழை, ஒரே டிரைவர் பெயர் என்றால் அந்த டிரைவரை விசாரியுங்கள். தடவைக்கு ஒரு பிழை என்றால் ராம் மேல் சந்தேகம் வரலாம். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் உள்ளேயே இருக்கிறது. மெம்டெஸ்ட்86 இன்னும் கறார், ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். திரையே வராமல் பட்டென்று கரண்ட் போன மாதிரி அணைந்தால், எஸ்.எம்.பி.எஸ்., ஃபேனில் தூசி, வீட்டு ப்ளக் பாயின்ட், இந்த வரிசையில் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலையும் சேர்த்து மாற்றினால் சரியாகிவிடலாம். எதனால் சரியானது என்று உங்களுக்கும் தெரியாது, சர்வீஸ்காரருக்கும் தெரியாது. காசு மட்டும் நாலுக்கும் போகும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஃபார்மேட்.

அப்பா மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் வரவில்லை. கோடு போட்ட நோட்டில் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். 2011-ல் போய்விட்டார். நோட்டு என்னிடம் இருக்கிறது. இருபத்தாறாம் பக்கத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு நிற்கிறது. தாத்தா யாருக்காக அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார் என்று இனிமேல் சொல்ல ஆளில்லை.