வாயு லிங்கமும் கிரேக்கரின் காற்றுத் தெய்வங்களும்

சென்னைக்கு மேற்கே திருவேற்காட்டில் உள்ள வேதபுரீசுவரர் கோயிலைச் சுற்றி, எண்திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கக் கோயில்கள் உள்ளன. வடமேற்குக்கு உரியது, ஆவடியை அடுத்த பருத்திப்பட்டில் உள்ள வாயு லிங்கம். கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸிலும் இதனை நினைவூட்டும் கட்டடம் ஒன்று உண்டு. கிறித்துவுக்கு முற்பட்ட அந்த எண்கோணக் காற்றுக் கோபுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் சிறகு விரித்த காற்றுத் தெய்வம் ஒன்று செதுக்கப்பட்டுள்ளது.

எட்டு என்ற எண்ணை மட்டும் கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது. ஏதென்ஸ் கோபுரத்தில் எட்டுமே காற்றுகள். வடக்கின் போரியாஸ் தாடியும் கனத்த மேலாடையுமாகச் சங்கு ஊதுகிறான். மேற்கின் செபிரோஸ் மடி நிறைய மலர் ஏந்திய இளைஞன். திருவேற்காட்டு வரிசையிலோ இந்திரன், அக்கினி, எமன் முதலிய திசைக்காவலர் எண்மருள் வாயு ஒருவனே காற்று. பருத்திப்பட்டில் வணங்கப்படுவதும் வாயுவின் பெயர் தாங்கிய சிவலிங்கமே.

வாயுவை ஏயோலஸுடன் இணைப்பதும் சரியன்று. ஓமரின் ஒடிசியில் ஏயோலஸ் காற்றுகளைக் காக்கும் அரசன். ஒடிசியஸுக்கு அவற்றைத் தோற்பையில் கட்டிக் கொடுக்கிறான். உரோமக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்திலும் அவன் யூனோ தேவியின் வேண்டுகோளுக்கு இணங்கிப் புயலைத் திறந்துவிடுபவனே. வாயுவோ தானே காற்று. ஒப்புமை வேண்டுமெனில் பிள்ளைகளைப் பார்க்கலாம். வாயுவின் மைந்தர் அனுமனும் வீமனும். போரியாஸின் மைந்தர் செட்டிஸ், கலாயிஸ் ஆகிய இருவரும் ஆர்கோ கப்பலில் சென்ற வீரர்கள். காற்றின் வலிமை மகனுக்கு வரும் என்ற எண்ணம் இரு மரபிலும் பொது.

திசைக்கொரு காற்று என்ற கிரேக்கக் கருத்துக்கு உண்மையான இணை தமிழ்ச் சொற்களில் இருக்கிறது: கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை. குளிர் கொண்டுவரும் வாடை போரியாஸுக்கு அண்மையது. ஆனால் வசந்தத்தின் செபிரோஸ் வீசும் அதே மேற்கிலிருந்து தமிழகத்துக்கு வருவது வெப்பக் கோடை. ஆகவே செபிரோஸைத் தென்றல் என்று பெயர்ப்பது திசைக்குப் பொருந்தாது; குணத்துக்குப் பொருந்தும். (மொழிபெயர்ப்பாளர் குணத்தின் பக்கம் நிற்பதே நல்லது.)

கி.மு. 480-இல் பாரசீகக் கப்பல்களைப் புயல் சிதைத்தபோது, போரியாஸே உதவினான் என்று நம்பிய ஏதென்ஸ் மக்கள் இலிசோஸ் ஆற்றங்கரையில் அவனுக்குக் கோயில் எழுப்பினர் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். தமிழ் வாடை, பிரிந்திருக்கும் தலைவியை வருத்தும் காற்றாகவே அகப்பாடல்களில் நின்றுவிட்டது.