மணி நின்ற பிறகு

அக்டோபரில் அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன் காடுகளில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகி இலை உதிர்க்கும். நெருங்கி வளர்ந்த இளமரங்களுக்குள் ஒரு செட்டர் நாய் ஓடுகிறது. அது எங்கே இருக்கிறது என்பதைக் கழுத்து மணிச் சத்தம்தான் சொல்லும். சட்டென்று மணி நிற்கிறது. தேடிப் போய்ப் பார்த்தால், முன்னங்கால் ஒன்றை மடக்கி, வால் விறைத்து, ஒரு புதரைப் பார்த்தபடி நாய் சிலையாக நிற்கும். மூக்கு மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். சில அடி தள்ளி, சருகோடு சருகாக ஒரு பறவை பதுங்கியிருக்கும்.

நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டு துரத்தும் சாதி. செட்டர், பாயின்டர், பிரிட்டனி போன்றவை மோப்பத்தால் கண்டு நின்றுவிடும் சாதி. பாய்வதற்கு முன் வேட்டை விலங்கு ஒரு கணம் தயங்குமே, அந்தத் தயக்கத்தைப் பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்து நிமிடக்கணக்கில் நீட்டியிருக்கிறார்கள். பின்னால் வரும் இன்னொரு நாய், தனக்கு வாடை எட்டாவிட்டாலும், முன்னது நிற்பதைப் பார்த்தே நின்றுவிடும். நாய்க்கும் மனிதனுக்கும் இடையே உருவான மிக உயர்ந்த ஒப்பந்தங்களில் இது ஒன்று என்பேன்.

இந்த அடக்கத்தால் பறவைக்கும் ஓரளவு நன்மை உண்டு. பறந்து எழுந்த பிறகே சுடுவது நாயோடு செய்யும் இப்பறவை வேட்டையின் மரபு. அடிபட்டு விழுந்ததை நாய் மோந்து எடுத்துவிடும். உட்காக் என்ற உள்ளான் வகைப் பறவையின் உடல்நிறம் அப்படியே காய்ந்த இலை. நாய் இல்லாவிட்டால் காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, குற்றுயிராகப் புதரில் கிடந்து சாகும். சட்டமும் கையைக் கட்டுகிறது: ஒரு நாளைக்கு ஒருவர் 3 உட்காக்தான் சுடலாம்.

இவ்வேட்டைக்கு ஆதரவான இதைவிடப் பெரிய வாதம் காட்டைப் பற்றியது. நம் கவுதாரிக்கு உறவான ரஃப்டு க்ரௌஸ் இளங்காட்டில்தான் செழிக்கும். ஆஸ்பெனை வெட்டினால் வேரிலிருந்து நூற்றுக்கணக்கில் கன்றுகள் கிளம்பும். அந்த அடர்த்திதான் பறவைக்குக் கூரை. அமெரிக்கச் சூழலியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் 1933இல் வேட்டை உயிர் மேலாண்மை பற்றி எழுதிய நூல், துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவது மட்டும் போதாது, வாழிடத்தைப் பேண வேண்டும் என்று வாதிட்டது. அவரே நாயோடு இந்தக் காடுகளில் அலைந்த வேட்டைக்காரர். அமெரிக்காவின் 1937 சட்டம் ஒன்றின்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான 11 சதவீத வரி மாநிலங்களின் வனவுயிர்ப் பணிக்குப் போகிறது. ஆனால் இன்று துப்பாக்கி வாங்குவோரில் காட்டுப் பக்கமே போகாதவர்கள் ஏராளம். ஆகவே, ‘நாங்கள்தான் பணம் கட்டுகிறோம்’ என்ற வேட்டைக்காரர் வாதத்தில் முன்பிருந்த வலு இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். பதுங்குவது பறவையின் தற்காப்பு. பருந்திடமிருந்து காப்பாற்றும் அதே பதுங்கல்தான் நாயையும் துப்பாக்கியையும் அருகே வரவிடுகிறது. இந்த அநியாயத்தை எந்த மரபாலும் முழுதாகக் கழுவ முடியாது. பறவைக்கிருந்த சிறு வாய்ப்பையும் கருவிகள் குறைத்துவருகின்றன. மணி இருந்த கழுத்தில் இப்போது ஜிபிஎஸ் பட்டை. நாய் நின்றதும் தூரத்தையும் திசையையும் கைக்கருவி காட்டிவிடும். காதைத் தீட்டிக் காட்டைக் கேட்ட வேட்டைக்காரன் இப்போது திரையைப் பார்க்கிறான். நாய்க்கு அடக்கம் கற்பிக்க மின்னதிர்ச்சிப் பட்டையைப் பூட்டுபவர்களும் உண்டு. வேல்ஸ் நாடு 2010இல் அதைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அது சாதாரணப் பயிற்சிக் கருவி. வலியால் நிறுத்திய நாயின் நிற்பை நான் அடக்கம் என்று சொல்லமாட்டேன்.

கூண்டில் வளர்த்த ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையைப் பணம் கட்டியவர்களுக்காகத் திறந்துவிடும் பண்ணைகள் இன்னும் மோசம். காட்டுப் பறவைக்கும் நாய்க்கும் இடையிலான அறிவுப்போட்டியே அங்கு இல்லை; எஞ்சுவது சுடுதல் மட்டும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஈய ரவை. குறி தவறிய ரவைகள் மண்ணில் தங்கிவிடும். தானியம் தின்னும் பறவைகள் இரைப்பையில் அரைக்கத் தேவையான கல்லென்று நினைத்து அவற்றை விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை அமெரிக்கா 1991இலேயே நாடு முழுவதும் தடைசெய்தது. கலிபோர்னியா 2019இல் எல்லா வேட்டைக்கும் தடையை நீட்டித்தது. ஆனால் க்ரௌஸ், உட்காக் போன்ற மேட்டுநிலப் பறவை வேட்டைக்கு நாடு தழுவிய தடை இல்லை. வாத்துக்கு நஞ்சானது காட்டுப் பறவைக்கு எப்படி நஞ்சில்லாமல் போகும்?

காட்டுப் பறவை, நாயின் மூக்கு, குறைந்த எண்ணிக்கை என்ற எல்லைக்குள் நடக்கும்வரை இந்த வேட்டையை நான் எதிர்க்கமாட்டேன். கூண்டுப் பறவை வேட்டையையும் மின்பட்டையையும் ஏற்கமாட்டேன். ஈயத்தை இந்தப் பருவத்திலேயே கைவிடலாம். எஃகு ரவையும் பிஸ்மத் ரவையும் கடைகளில் கிடைக்கின்றன.