யோனா ஏன் கோபித்துக்கொண்டான்?

ஞாயிறு பள்ளிக்குப் போன யாரிடமாவது யோனாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், மீன் என்பார்கள். நானும் அப்படித்தான். கர்த்தர் நினிவேக்குப் போகச் சொன்னார், யோனா தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினான், மீன் விழுங்கியது, மூன்று நாளில் புத்தி வந்தது. சொன்ன பேச்சைக் கேள் என்பதே பாடம்.

யோனாவின் புத்தகம் 4 அதிகாரங்கள், 48 வசனங்கள்தான். அண்மையில் முழுதாகப் படித்தபோது அந்தப் பாடம் இடித்தது. யோனா மூன்றாம் அதிகாரத்திலேயே கீழ்ப்படிந்துவிடுகிறான். கதை கீழ்ப்படிதலைப் பற்றியது மட்டுமென்றால் நாலாம் அதிகாரம் எதற்கு?

ஓடியதன் காரணத்தை அங்கேதான் சொல்கிறான். அது பயம் இல்லை. கடவுள் இரக்கமுள்ளவர், நினிவேயை மன்னித்துவிடுவார் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் பொறுக்கவில்லை. நினிவே அசீரியாவின் பெருநகரம். கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரவேலை அழித்தது அந்த அசீரியாதான். கதை அதற்குப் பிறகு எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் முதலில் கேட்டவர்களுக்கு நினிவே வெறும் ஊர்ப்பெயர் அல்ல.

என் பாட்டிக்கு அப்படியொரு பெயர் ஜப்பான். அவருடைய அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அவர் திரும்பவில்லை. எனக்கு வேலை கிடைத்தது ஒரு ஜப்பானிய நிறுவனத்தில். "வேலைக்குப் போ, வேணாங்கல. ஆனா அவனுங்க நல்லவனுங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லாத" என்றார் பாட்டி.

நாலாம் அதிகாரத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் கோபப்பட்டதுல என்ன தப்பு?" என்று கேட்டார்.

அப்புறம்தான் கவனித்தேன். கடவுள் யோனாவைத் தண்டிக்கவில்லை, கேள்விதான் கேட்கிறார். இந்தக் கதையில் காற்று, மீன், ஆமணக்கு, பூச்சி எல்லாமே சொன்னபடி செய்கின்றன. அவற்றோடு கடவுள் வாதாடுவதில்லை. யோனாவோடு மட்டும் உட்கார்ந்து பேசுகிறார். கீழ்ப்படிதல் போதுமென்றால் அந்தப் பூச்சியே போதும். ஒரே நாளில் பட்டுப்போன ஆமணக்குக்காக வருந்துகிற உனக்கு, 1,20,000 பேருக்கு மேல் இருக்கிற ஊருக்காக நான் வருந்துவது புரியவில்லையா என்கிறார். மாடுகளையும் சேர்த்துக்கொள்கிறார்.

கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. நினிவேயின் ராஜா சாம்பலில் உட்கார்கிறான், கொடுமையை விடச் சொல்கிறான். ஆனால் அந்த ஊரால் செத்தவர்கள் யாரும் பேசுவதில்லை. அவர்களின் இடத்தில் யோனாவின் கோபம் மட்டும்தான் இருக்கிறது. அதை அழிக்காமல் விட்டதால்தான் இந்தக் கதையைப் பாட்டியிடம் வாசிக்க முடிந்தது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் பாட்டி. கேள்வியோட முடிஞ்சிருச்சு."

"அவன் பதில் சொல்லலியா?"

"சொல்லல."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. "உடனே சொல்ற பதிலா அது?" என்றார்.