சாவி யாரிடம்?

ஜிம்முக்குப் போவதா, தனிப்பயிற்சி தரும் ஸ்டுடியோவுக்குப் போவதா? நாற்பதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் கூடினால் இப்போது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. மூட்டுவலி, தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையை எடுத்தபின் விடாத முதுகுவலி என்று ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. “எக்சர்சைஸ் பண்ணுங்க” என்று மருத்துவர் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். எங்கே, யார் முன்னால், எந்த உடுப்பில், எத்தனை மணிக்கு என்பதைச் சொல்வதில்லை. ஆண்கள் இதைப் பேசினால் கட்டணமும் கருவிகளும்தான் பேச்சு. பெண்கள் முதலில் கேட்பது, “அங்கே யாரெல்லாம் வருவாங்க?” என்று. இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் இரண்டில் எது நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

நம் சினிமாவில் இதற்குச் சில தடயங்கள் உண்டு. 2015 பொங்கலுக்கும் 2016 ஜனவரி முடிவுக்கும் இடையில் உடலைப் பழக்குவதைக் கதையாகக் கொண்ட மூன்று தமிழ்ப் படங்கள் வந்தன. முதலாவது ஷங்கரின் ‘ஐ’. லிங்கேசன் வடசென்னைக்காரன். ஆணழகன் பட்டம் வாங்குவது அவன் கனவு. அவனுடைய ஜிம்மில் வியர்வை, சண்டை, பொறாமை, நட்பு எல்லாம் உண்டு; பெண் இல்லை. அவன் ரசிக்கும் தியா ஒரு விளம்பர நடிகை. ஆணின் உடல் உழைத்துச் செய்த பொருளாகவும் பெண்ணின் உடல் பார்த்து ரசிக்கும் பொருளாகவும் பிரிந்து நிற்கிற இடம் அது. நம் ஊர் ஜிம்களின் சுவர்களும் இதையே சொல்கின்றன. எடை தூக்கும் ஆணின் படம் பயிற்சியைக் காட்டுகிறது. பக்கத்தில் இருக்கும் பெண்ணின் படம் இடுப்பைக் காட்டுகிறது. அந்த வாசலில் தயங்கி நிற்கும் பெண்ணிடம் “கூச்சப்படாதே” என்று சொல்வது எளிது. அவளுடையது கூச்சமில்லை. அந்த இடத்தில் தனக்கு என்ன வேடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை அவள் சரியாகப் படித்துவிட்டாள்.

இரண்டாவது, 2015 நவம்பரில் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’. பருமனான பெண்ணாக அனுஷ்கா நடித்தார், அதற்காக எடையும் கூட்டிக்கொண்டார். மகளின் எடையை வரன்களின் எண்ணிக்கையால் அளக்கிற அம்மா, ஆளை விரைவாக மெலிய வைப்பதாகச் சொல்லிக் காசு பார்க்கிற நிலையம், அங்கே போய் உடல் கெட்டுப்போகும் தோழி. வணிகத்தின்மீது படம் வைக்கிற குற்றச்சாட்டு நியாயமானது. எடை குறைப்பு வியாபாரம் பெண்ணின் அவமானத்தை மூலதனமாக வைத்துத்தான் நடக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. ஆனால் நாயகியின் உடலுக்கு நியாயம் தேடும்போது ஒரு ஆணின் காதலில் போய் நின்றுவிடுகிறது. குண்டாக இருந்தாலும் ஒருவன் விரும்புவான் என்பது ஆறுதல்தான். அவள் தன் உடலைக்கொண்டு என்ன செய்ய விரும்பினாள் என்ற கேள்விக்கு அது பதிலாகாது. மெலிந்தால் கல்யாணம், மெலியாவிட்டாலும் கல்யாணம் என்ற இரண்டுக்கும் நடுவில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கக்கூடாது என்ற எளிய ஆசைக்கு அங்கே இடமில்லை.

மூன்றாவதுதான் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’, 2016 ஜனவரி 29இல் வெளியானது. மீன் விற்கும் மதியைக் குத்துச்சண்டைக்காரியாக்க, நாளுக்கு ஐந்நூறு ரூபாய் தந்து பயிற்சி கொடுக்கிறான் பிரபு. தனிப்பயிற்சியின் கனவு வடிவம் இது. ஒரே ஒரு பயிற்சியாளன், அவன் கவனம் முழுக்க ஒரே ஒருத்தியின்மேல், காசும் அவனே தருகிறான். மதியின் உடலைப் படம் அழகாக அல்ல, வேகமாகக் காட்டியது. தமிழ் சினிமாவுக்கு அது பெரிய விஷயம். விளையாட்டுச் சங்கத்தின் மேலிடத்தில் உட்கார்ந்துகொண்டு வீராங்கனைகளிடம் உடலை விலையாகக் கேட்கும் அதிகாரியையும் அது துணிந்து காட்டியது. ஆனால் அதே படம் நாயகனைத் தியாகியாக்க, அவன்மீது பொய்யான பாலியல் புகார் ஒன்றையும் சுமத்திவைக்கிறது. கெட்டவன்மேல் வரும் புகார் உண்மை, நல்லவன்மேல் வரும் புகார் பொய் என்று பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரியும். வாழ்க்கையில் எந்தப் பெண்ணுக்கும் அந்த வசதி கிடையாது. 2023 ஜனவரியில் வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக் போன்ற மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளோடு டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தபோது, நாடு அவர்களிடம் முதலில் கேட்டது ஆதாரத்தைத்தான். பயிற்சி அறையில் ஆதாரம் எப்படி இருக்கும்? தொட்டுத் திருத்துவதுதானே அங்கே தொழில்!

நான் வாழும் பழனி மலைத்தொடருக்கு இந்தக் கேள்வி வேறு வடிவில் வருகிறது. சென்னையில் ஒரு பெண் ஜிம்முக்குள் போனால் அவள் யாரோ ஒருத்தி. கொடைக்கானல் போன்ற சிறிய மலை ஊரில் யாரும் யாரோ இல்லை. பக்கத்துக் கருவியில் அவளிடம் படித்த மாணவன் நிற்பான், எதிரே கணவரின் அலுவலக நண்பர். இதனால்தான் ‘தனி அறை, தனிக் கவனம்’ என்ற விளம்பரம் இங்கே கூடுதலாக இழுக்கிறது. ஜிம்கள் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று ஒதுக்கும் நேரமோ பெரும்பாலும் காலை பத்துக்குமேல், அல்லது மதியம். வேலைக்குப் போகாதவள்தான் பெண் என்பது அந்த நேர அட்டவணையின் முடிவு. வேலை முடிந்து மாலை ஆறரைக்குப் போகலாமென்றால் பனி இறங்கியிருக்கும், தெருவில் காட்டுமாடு நிற்கும், பெருமாள்மலைக்கும் பூம்பாறைக்கும் பேருந்தைப் பிடித்தாக வேண்டும்.

நடக்க இடமில்லாத ஊரா இது? 1863இல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய ஏரி இருக்கிறது. 1872இல் கோக்கர் போட்ட நடைபாதை இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கவும் காலாற நடக்கவும் செய்துகொண்ட வசதிகள் அவை. இன்றைக்கு அங்கே கைவீசி நடக்கிறவர்களில் சுற்றுலாப் பயணிகளே அதிகம். இந்த மலையின் பெண்கள் கேரட் மூட்டையோடும் விறகோடும் அதே சரிவுகளில் ஏறி இறங்குகிறார்கள். அவர்களைக் காட்டி, “அந்தக் காலத்தில் அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை. ஜிம்மா தேவைப்பட்டது?” என்று கேட்கும் ஆண்களை எல்லா மேடைகளிலும் பார்க்கலாம். அவர்கள் உழைப்பையும் பயிற்சியையும் ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள். பயிற்சியில் சுமையை ஏற்றுவதும் இறக்குவதும் செய்கிறவள் கையில் இருக்கிறது. ஓய்வு அதன் பாதி. உழைப்பில் சுமையை வேறொருவர் தீர்மானிக்கிறார், ஓய்வு கிடையாது, வலிக்கும் அதே மூட்டுத்தான் நாளைக்கும் வளைய வேண்டும். ஆட்டுக்கல் பெண்ணை வலுப்படுத்தியது என்றால் நம் பாட்டிகள் ஏன் அறுபதில் கூன் விழுந்து நடந்தார்கள்?

பழனிக் கோயிலுக்குச் சுமார் 690 படிகள். பெண்கள் வெறுங்காலோடு ஏறுகிறார்கள், தைப்பூசத்துக்குப் பல நாட்கள் நடந்தும் வருகிறார்கள். வியர்த்து, மூச்சு வாங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வேண்டுதல் என்ற சொல் அவளுக்கு வழிவிடுகிறது. கணவனுக்காக, பிள்ளைக்காக, சாமிக்காக ஒரு பெண் உடலை வருத்தினால் பொதுவெளி முழுவதும் அவளுடையது. தனக்காக என்று சொன்ன மறுகணம் அவளுக்கு ஒரு தனியறை தேவைப்பட்டுவிடுகிறது.

அந்தத் தனியறை எப்படிப்பட்டது? எழுத நினைக்கும் பெண்ணுக்கு வருமானமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று 1929இல் எழுதினார் வர்ஜினியா உல்ஃப். அந்த அறைக்குப் பூட்டு உண்டு. பூட்டுவது அவள். தனிப்பயிற்சி ஸ்டுடியோவும் அறைதான், ஆனால் சாவி பயிற்சியாளரிடம் இருக்கிறது. நம் எடை, இடுப்பளவு, மாதவிடாய்த் தேதி, சிகிச்சை விவரம், ‘முன்’ ‘பின்’ புகைப்படங்கள் எல்லாம் அவருடைய செல்பேசியில் இருக்கின்றன. பல கண்களிலிருந்து தப்புவதற்காக ஒரே ஜோடிக் கண்ணிடம் முழுதாக ஒப்படைப்பதைத்தான் நாம் ‘பிரைவசி’ என்று சொல்லிக்கொள்கிறோம்.

சட்டமும் இங்கே ஒன்று சொல்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே வேலை செய்கிற பெண்ணுக்கு மட்டுமானதல்ல. விளையாட்டுப் பயிற்சி இடங்களும் தனியார் சேவை நிறுவனங்களும் அதன் வரையறைக்குள் வருகின்றன. பணம் கட்டிப் பயில வருகிறவளும் புகார் தரலாம், மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். ஒருவரோ இருவரோ நடத்தும் ஸ்டுடியோவில் அது இருக்காது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவைத்தான் நாட வேண்டும். நமக்கு அது திண்டுக்கல், மலையிறங்கி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தாலுகா, நகராட்சி அளவிலேயே புகாரை வாங்கி ஏழு நாளில் அனுப்பிவைக்கும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் நம் உடற்பயிற்சியில் சேர்த்திதான்.

இதனால் தனிப்பயிற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்தவளுக்கும், மூட்டு தேய்ந்தவளுக்கும், எடையைக் கையில் எடுப்பதே முதல்முறை என்கிறவளுக்கும் சில மாதங்கள் அருகில் நின்று சொல்லித்தர ஆள் வேண்டும். நல்ல பயிற்சியாளர் நம்மைத் தம்மிடமிருந்து விடுவிக்கத் தெரிந்தவர். தொடுவதற்குமுன் கேட்கிறாரா, படம் எடுக்காமல் இருப்பாரா, பாதியில் நிறுத்தினால் பணம் திரும்புமா, இன்னொருத்தியைக் கூட்டிவந்தால் முகம் சுளிக்கிறாரா என்று சேரும் நாளிலேயே கேட்டுப் பார்க்கலாம். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து ஒரே பயிற்சியாளரை அமர்த்திக்கொள்வது இன்னும் நல்லது. செலவு பங்காகிறது, அறைக்குள் சாட்சியும் இருக்கிறது. கை பழகியபின் அதே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பொது ஜிம்முக்குள் போகலாம். மதிய நேரத்தில் அல்ல, எல்லோரும் வரும் நேரத்தில். ஊராட்சிகளில் 2016 வாக்கில் அரசு அறிவித்த உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ‘அம்மா’ என்றே பெயர். அவற்றுக்குள் அம்மாக்கள் எத்தனை பேர் என்று ஊருக்கு ஊர் போய் எண்ணிப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. தசையை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாவது செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு மெலியத் தொடங்கும் நமக்கு அது அலங்காரமல்ல. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்தபோது ஒரு சொல்லுக்காக எவ்வளவு வசை வந்தது என்பது இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வசையைத் தாண்டி நாங்கள் உடலின் வேட்கையை எழுதினோம், காயத்தை எழுதினோம், கருப்பையை எழுதினோம். தோளையும் தொடையையும், அவை தூக்கக்கூடிய எடையையும் எழுதியது குறைவு. ஜிம்மோ ஸ்டுடியோவோ, உள்ளே போகும் பெண் “எத்தனை கிலோ குறையும்?” என்று கேட்பதை நிறுத்தி, “எத்தனை கிலோ தூக்கலாம்?” என்று கேட்டால் போதும். அங்கே இருக்கும் பயிற்சியாளர் எப்படிப்பட்டவர் என்பது அவர் சொல்லும் பதிலிலேயே தெரிந்துவிடும்.