பேர் சொல்லாத கானா கானாவே இல்லை

பில்லி ஐலிஷ் தன் முதல் ஆல்பத்தை அண்ணனின் படுக்கையறையில் பதிவுசெய்து 2019-ல் வெளியிட்டபோது அவருக்கு வயது 17. அடுத்த ஜனவரியிலேயே ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது. நம் ஊர் இசை விமர்சகர்கள் உருகிப்போனார்கள். ஸ்டுடியோவே கிடையாதாம், எல்லாம் சொந்த வரிகளாம், இந்த வயதிலேயே சாவைப் பற்றி எழுதுகிறாராம். நானும் கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடையாறிலும் அண்ணா நகரிலும் உட்கார்ந்து அதைக் கொண்டாடியவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. காசிமேட்டில் அதே வயதுப் பையன் மொட்டை மாடியில் செல்போனைச் சாய்த்து வைத்து, தானே கட்டிய பாட்டைத் தானே பாடிப் போட்டால் அது மட்டும் ஏன் ‘ரவுடிப் பாட்டு’ ஆகிவிடுகிறது? அவனும் சாவைப் பற்றித்தான் பாடுகிறான். அவன் பாடுகிற சாவு பக்கத்து வீட்டில் நடந்தது.

அடிப்படைகளைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், எனக்குப் பொறுமை கிடையாது. துறைமுகம், 1856-ல் ஓடத் தொடங்கிய ராயபுரம் ரயில், பின்னி ஆலை, அப்புறம் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீண்ட தொழிற்சாலைகள் என்று வேலை தேடி வந்தவர்கள் நெருக்கியடித்துக் குடியேறிய பகுதி வடசென்னை. அங்கே தலித் மக்களும் மூட்டை தூக்கியவர்களும் ரிக்‌ஷா மிதித்தவர்களும் பாடி வளர்த்தது கானா. சாவு வீட்டில் பாடுவார்கள், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பாடுவார்கள், தோஸ்து பிறந்தநாளுக்குப் பாடுவார்கள். தாளத்துக்கு டோலக், சட்டி, கட்ட மோளம். ஒன்றும் அகப்படாவிட்டால் கேரம் போர்டே போதும். மெட்டு பெரும்பாலும் பழைய சினிமா மெட்டு. ‘சொந்த மெட்டு இல்லையா’ என்று முகம் சுளிக்காதீர்கள். மெட்டு எல்லாருக்கும் தெரிந்ததாக இருந்தால்தான் புதுச் சொல் காதில் விழும். முதலில் தாளமில்லாமல் ஒரு தொகையறா இழுப்பார்கள், பிறகு டோலக் சேர்ந்துகொள்ளும். குத்துப் பாட்டு வேறு ரகம், அதற்குக் கால் வேண்டும். கானாவுக்குக் காது வேண்டும். அடிப்படை அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சினிமா வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். 1996-ல் ‘காதல் கோட்டை’யில் தேவா ஒரு சகோதரனைத் தேற்றினார். 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் மீன்களுக்குக் கல்யாணம் பண்ணிவைத்தார். 2012-ல் ‘அட்டகத்தி’யில், புளியந்தோப்பில் வளர்ந்து சட்டமும் படித்த கானா பாலாவின் குரல் ஊரெல்லாம் பரவியது. மூன்று பேர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இவர்களை மட்டும் கேட்டுவிட்டு ‘கானா எனக்குத் தெரியும் சார்’ என்று வருகிறவரோடு நான் வாதாடுவதில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

ஏனென்றால் சினிமா கானாவில் குரல் இருக்கும், தாளம் இருக்கும், பாஷைகூட இருக்கும். பேர் இருக்காது.

இதை நீங்கள் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். கானாவை நான் இரண்டாகத்தான் பிரிப்பேன்: பேர் வைத்துப் பாடியது, பேர் வைக்காமல் பாடியது. மரண கானா, காதல் கானா, நட்பு கானா, ஜெயில் கானா என்று ஆய்வாளர்கள் அட்டவணை போடுவார்கள். போடட்டும். அதெல்லாம் பாட்டு எதைப் பற்றி என்பதைச் சொல்லும், யாருக்கு என்பதைச் சொல்லாது. சாவு வீட்டில் ஒரு பையன் பாடுகிறான் என்றால், இறந்தவர் பேர், அவர் தெரு, அவர் பார்த்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள், பேரப் பிள்ளைகள், கூடவே திரிந்த நாலு கூட்டாளிகள் எல்லாரும் அந்தப் பாட்டுக்குள் வந்தாக வேண்டும். பாட்டு முன்னமே இருக்கும். பேர்கள் உள்ளே வரும்போதுதான் அது அந்த வீட்டுப் பாட்டு ஆகிறது.

தண்டையார்பேட்டையில் ஒரு காரியத்துக்கு முந்தின ராத்திரி. தெருவை அடைத்துப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மாலை போட்ட படம். பாட வந்த பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பாடுவதற்கு முன் அவன் வீட்டுக்குள் போய் ஒரு அம்மாவிடம் பேர்களைக் கேட்டு, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். அதில் ஒரு பேத்தியின் பேர் ரொம்ப நீளம், இந்தக் காலத்துப் பேர், எந்தத் தாளத்திலும் அடங்காது. அந்த இடம் வந்ததும் அவன் என்ன செய்தான் தெரியுமா? முந்தின சொல்லைச் சட்டென்று வெட்டி, பேத்தியின் பேரை ஒரு அடி முன்னாலேயே தொடங்கி, டோலக்கின் இரண்டு தட்டை அப்படியே முழுங்கிவிட்டு, கடைசி எழுத்தில் சரியாக வந்து நின்றான். டோலக் வாசித்தவர் தலையை ஆட்டிச் சிரித்தார். அந்தக் குழந்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது. எந்த ஸ்டுடியோவில் இதைக் கற்றுக்கொடுப்பார்கள்?

பேர்களிலும் ரகம் உண்டு. காசு கொடுத்துப் போட்ட பேர் ஒன்று. பிறந்தநாளுக்குப் பாட்டு எழுதித் தரச் சொல்லி, ‘அண்ணன் பேரு, ஏரியா பேரு, பசங்க பேரு எல்லாம் வரணும்’ என்று பட்டியல் கொடுத்து வாங்குவது. அதில் பேர்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தம் இருக்காது. இன்னொன்று கடன்பட்ட பேர். சோறு போட்டவன், ஜாமீன் எடுத்தவன், முதல் மைக் வாங்கிக் கொடுத்தவன். அந்தப் பேர் வருகிற இடத்தில் மெட்டு கொஞ்சம் வழி விடும், குரல் இறங்கும். காசுப் பேரில் குரல் ஏறும். நன்றாகக் கவனியுங்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று. நான் இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பத்துப் பாட்டு கேட்டபின் அவர்களுக்கே புரியும்.

மூன்றாவது ரகம்தான் சின்னப் பையன்களின் முதல் பாட்டுகளில் வருவது: சொல்ல முடியாத பேர். ஆல்பம் என்று அவர்கள் அட்டை போட்டு வெளியிடுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு பாட்டு வரும், அதுதான் ஆல்பம். அதில் பாதி ஒரே பெண்ணைப் பற்றி இருக்கும். பேர் சொன்னால் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவான். ஆகவே தெரு வரும், டியூஷன் வரும், ரயில்வே கேட் வரும், அவள் ஏறுகிற பஸ் நம்பர் வரும், பேர் மட்டும் வராது. கூட்டாளிகள் பேரை அடுக்கிக்கொண்டே வந்து அந்த ஒரு பேருக்கு முன்னால் நின்றுவிடுவான். அந்த நிறுத்தத்தை எப்படிக் கையாளுகிறான் என்பதில்தான் அவனுக்கு எழுத வருமா வராதா என்று தெரியும். பேரைச் சொல்ல முடியாத கோபத்தில் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்க்கிறவன் சோம்பேறி. ‘ஏமாத்திட்டா’ என்ற ஒரே பல்லவியில் ஓராயிரம் பாட்டு இருக்கிறது, எல்லாம் தண்டம். வரம்பு மீறி எழுதிப் போலீஸ் வழக்கில் மாட்டிய கானாவும் உண்டு. அதற்கெல்லாம் ‘அவங்க வாழ்க்கை அப்படி’ என்று வக்காலத்து வாங்குகிற முற்போக்கு ரசிகர்களை எனக்குப் பிடிக்காது. அந்தப் பெண்ணும் அதே தெருவில்தான் வாழ்கிறாள்.

சாவில் பாடுவதும் ஆளைக் கூப்பிட்டுப் பாடுவதும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. தாயைச் சிதையில் வைத்துவிட்டு அவர் பாடியதாகச் சொல்லும் பாடல்களைத் தமிழ்நாடே அறியும். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வாழ்ந்து 1838-ல் மறைந்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டிக்காரர் என்பதால் அவரைத் தொண்டியார் என்றார்கள், பேட்டைக்கும் அந்தப் பேரே வந்தது என்று சொல்வார்கள். அவருடைய கண்ணிகளைப் பாருங்கள். மனோன்மணிக் கண்ணி, பராபரக் கண்ணி எல்லாமே இரண்டிரண்டு அடிகள், ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் ஒரு விளி. மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டுக் கடைசியில் ஆளைக் கூப்பிடுவது. சாவு வீட்டில் பாடுகிற பையன் மஸ்தான் சாகிபைப் படித்திருக்க மாட்டான். ஆனால் அவன் ஒவ்வொரு இரண்டு அடிக்கும் ‘அண்ணே’ என்று கூப்பிடும்போது எனக்கு மஸ்தான் சாகிபின் தர்கா ஞாபகம்தான் வரும்.

இனி விமர்சகர்கள். 2017-ல் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ பாடினார். கபேர் வாசுகியின் வரிகள், சென்னைத் தமிழ், கர்நாடக ராகங்கள். நல்ல காரியம், நல்ல பாட்டு. எனக்கு எரிச்சல் அதன் மீதில்லை. அதைக் கேட்டபின்தான் சென்னைத் தமிழில் கனமான விஷயம் பேச முடியும் என்று சிலர் கண்டுபிடித்தார்களே, அவர்கள் மீது. அத்தனை காலமும் சாவு வீட்டில் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தார்கள்?

அடுத்த வருஷம் ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்த்த குழு, அயோத்திதாசர் சொன்ன ‘சாதி பேதமற்ற’ என்பதிலிருந்து எடுத்த பேர். அந்த மேடையில் நின்ற ஒரே பெண் இசைவாணி. ராயபுரத்துக்காரர், சின்னப் பிள்ளையிலேயே இசைக்காரரான அப்பாவோடு மேடைகளில் பாடியவர். பெண்கள் ஒப்பாரி வைக்கலாம், கானா ஆம்பளைப் பசங்க சமாச்சாரம் என்று இருந்த இடத்தில் வந்து நின்றார். 2020-ல் பிபிசி நூறு பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்ததும் எல்லாருக்கும் திடீரென்று ராயபுரம் வரைபடத்தில் தெரிந்தது. அவரைக் கேட்கும்போது வரிகளின் அரசியலோடு நின்றுவிடாதீர்கள். ஒப்பாரியில் இழுக்கிற இழுப்பும் கானாவில் வெட்டுகிற வெட்டும் ஒரே தொண்டையில் இருக்கின்றன. ஒரு சொல்லை இழுக்கப்போகிறார் என்று நாம் தயாராகும்போது வெட்டிவிடுவார்.

இன்றைக்குப் பெரிய எதிரி ஆட்டோடியூன் என்கிறார்கள். இல்லை. பையன்கள் அதை ஆசையாகப் போட்டுக்கொள்கிறார்கள், போட்டுவிட்டுப் போகட்டும், லாஸ் ஏஞ்சலஸில் போட்டால் கலை, எர்ணாவூரில் போட்டால் கெடுதலா? எதிரி ரீல்ஸ்தான். முப்பது விநாடியில் பல்லவி முடிந்துவிடும். பேர்கள் வருவது கடைசிச் சரணத்தில். அதை யாருமே கேட்பதில்லை என்று தெரிந்ததும் சில பையன்கள் பேர்களையே விட்டுவிட்டார்கள். நாடு முழுக்கப் புரிய வேண்டுமாம். அப்படிப் புரிய வைத்துத்தான் சினிமா கானா வந்தது.

சரி, எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். 2020-லிருந்து ‘மார்கழியில் மக்களிசை’ மேடைகள் நடக்கின்றன. கூச்சமுள்ளவர்களுக்கு அது நல்ல வழி, மேடை இருக்கும், ஒலி சுத்தமாக இருக்கும். ஆனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அங்கேயே நின்றுவிடாதீர்கள். வடசென்னைக்காரர் ஒருவரோடு வேலை செய்கிறீர்களா? அவர் வீட்டுக் காரியத்துக்கு அழைத்தால் முந்தின ராத்திரியே போங்கள், மாலை போட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடாதீர்கள். பதினொன்றுக்குப் பாட வருவார்கள். முதல் ஒரு மணி நேரம் சாமி பாட்டும் எம்.ஜி.ஆர். மெட்டும்தான், அப்போது சாப்பிட்டுவிடுங்கள். கூட்டம் கலைந்து சொந்தக்காரர்கள் மட்டும் மிஞ்சுகிற இரண்டு, மூன்று மணிக்குத்தான் பேர்கள் வரும். டோலக் பக்கத்தில் உட்காராதீர்கள், வார்த்தை கேட்காது. பாடுகிறவருக்குக் குறுக்கே, அவர் வாயசைவு தெரிகிற மாதிரி உட்காருங்கள். செல்போனை எடுத்துப் பிடிக்க வேண்டாம், சாவு வீடு. நூறோ இருநூறோ அன்பளிப்பு கொடுக்கத் தோன்றினால் கையில் கொடுங்கள். கொடுத்ததும் பையன் குனிந்து ‘சார் பேரு?’ என்பான். அது மைக்கில் வரப்போகிறது. வெட்கப்பட்டு ‘எதுக்குப்பா’ என்று பின்வாங்காதீர்கள். ஏரியாவையும் சேர்த்துச் சொல்லுங்கள், பெசன்ட் நகர் என்றாலும் பரவாயில்லை, தாளத்துக்கு நன்றாகவே உட்காரும்.